சொந்த ஊர்க் கொசு

லிப்ட்காரருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். அவர் பொறுப்பில் இருந்த அடுக்குமாடிக் கட்டடங்களில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர். கம்பெனி சூப்பர்வைசருக்கு மட்டும் ‘பெரியவரே’. அந்தச் சொல்லில் மரியாதை கொஞ்சம், எப்போது வேலையை விடுவதாக உத்தேசம் என்ற விசாரிப்பு மிச்சம்.

அது விசித்திரமான வேலை. லிப்ட் ஒழுங்காக ஓடுகிறவரை அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. நின்றுவிட்டால் அவர்தான் கடவுள். நடு மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கத்துவார்கள். அவர் கதவிடுக்கில் வாயை வைத்து, “பயப்படாதீங்க, கயிறெல்லாம் அறாது, மூச்சு முட்டாது, இதோ வந்துட்டேன்” என்று பேசிக்கொண்டே இருப்பார். மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஏறிப் போய் பிரேக்கைத் தளர்த்தி, கையாலேயே சக்கரத்தைச் சுற்றி, லிப்டை ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவார். கதவு திறந்ததும் கடவுளைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் ஓடிவிடுவார்கள். ஒரே ஒரு தடவை, ஒரு அம்மாள் வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிரீஸ் படிந்த கை. கழுவித்தான் ஆக வேண்டும். இருந்தாலும் அன்றைக்கு அதைக் கழுவ அவருக்கு மனசே வரவில்லை.

கடல் தாண்டி இந்த நகரத்துக்கு வந்தபோது அவருக்கு மீசை கறுப்பு. இரண்டு வருஷ ஒப்பந்தம் என்றுதான் பேச்சு. முடிந்ததும் இன்னொரு இரண்டு வருஷம், அதற்கப்புறம் யாரும் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஊரில் அக்கா ஒருத்திதான் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள. அவள் சளைக்காமல் பெண் பார்த்தாள், போட்டோ அனுப்பினாள். “அடுத்த லீவுக்கு வர்றேன்க்கா, பார்த்துக்கலாம்” என்பார் இவர். அடுத்த லீவு வரும்போது ஏதாவது ஒரு கட்டடத்தில் கயிறு மாற்றுகிற வேலை வந்து தொலையும். அப்புறம் ஒரு நாள் அக்கா போட்டோ அனுப்புவதை நிறுத்திவிட்டாள். தொல்லை விட்டது என்று அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அக்கா கைகழுவிவிட்டாளே என்றுதான் பட்டது.

அவர் இருந்தது ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். இரண்டு நாற்காலி உண்டு. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக டிவியைப் போடுவார், பார்ப்பதற்காக இல்லை. வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்டால் சாப்பாடு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் டிவி கிடையாது. அக்கா போன் பண்ணுவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா, “புது வீடு கட்டிக் குடிவந்தாச்சு. என் பேத்தி நடக்க ஆரம்பிச்சு, ஓட ஆரம்பிச்சு, இப்போ எதிர்த்துப் பேசவும் ஆரம்பிச்சுட்டா. நீ இன்னும் அவளை நேர்ல பார்க்கலை. வர்றியா, இல்லையா?” என்று கேட்டாள். மறுநாளே லீவு கேட்டார். மழைக்காலத்தில்தான் லீவு கிடைத்தது.

கம்பெனியில் ஒரு விதி இருந்தது. சில நாடுகளுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் பயணிகளுக்கான மருத்துவமனைக்குப் போய்விட்டு வர வேண்டும். அங்கே இருந்த நர்ஸ் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட, சளசளவென்று பேசுகிற பெண்மணி. சுவரில் ஒரு பெரிய வரைபடம். அவர் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவள் விரல் அதில் ஓடிப்போய் நல்ல சிவப்பான ஒரு இடத்தில் நின்றது.

“உங்க ஊர்ல மலேரியா ஜாஸ்தி. மழைக்காலம் வேற” என்றாள்.

யாரோ தன் அக்கா வீட்டுச் சுவரில் சிவப்பு மையைக் கொட்டிவிட்டது போல அவருக்குச் சுருக்கென்றது. “நான் அங்கேயே பொறந்து வளர்ந்தவன் சிஸ்டர். சின்ன வயசுலேயே எனக்கு அது வந்து போயாச்சு. இனிமே என்னை என்ன பண்ணும்?”

“இங்க வர்ற எல்லாரும் இதையேதான் சொல்றாங்க” என்று அவள் பெருமூச்சு விட்டாள். “ஊர்ல இருக்கிறவரைக்கும் உடம்புல கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும். ஊரை விட்டு வந்துட்டா அது போயிடும். இப்போ உங்க உடம்பும் ஒரு டூரிஸ்ட் உடம்பும் ஒண்ணுதான். டூரிஸ்ட்டாவது பயந்துக்கிட்டு மாத்திரையை ஒழுங்கா முழுங்குவான். சொந்தக்காரங்களைப் பார்க்கப் போறவங்கதான் மாட்டிக்கிறாங்க.”

பிறகு ஒப்பிக்க ஆரம்பித்தாள். கிளம்புவதற்கு முன்பே மாத்திரை தொடங்க வேண்டும், அங்கே இருக்கும்போது ஒரு நாளும் விடக்கூடாது. திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள்வரை போட வேண்டும், ஏனென்றால் கிருமி ஈரலில் போய் ஒளிந்துகொள்ளும். பொழுது சாய்ந்தால் முழுக்கைச் சட்டை, கைகாலுக்குக் களிம்பு, படுக்கும்போது வலை, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகிக்கொள்வது. “மாத்திரை போடுறோமேன்னு வலையை விடாதீங்க. வலை கட்டுறோமேன்னு மாத்திரையை விடாதீங்க. வந்ததுக்கப்புறம், மாசக்கணக்கு ஆனாலும் சரி, ஜுரம் வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. இந்த ஊருக்குப் போயிருந்தேன்னு நீங்களாவே சொல்லுங்க. அவங்க கேக்கணும்னு காத்திருக்காதீங்க. இதுல நாளைக் கடத்தினா உசுருக்கே ஆபத்து.”

அவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். இதெல்லாம் வேறு யாருக்கோ சொல்கிற புத்திமதி என்றுதான் உள்ளுக்குள் நினைப்பு. இருந்தாலும் மாத்திரையை வாங்கிக்கொண்டார். கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்தும் விட்டார். அதுவரைக்கும் மனிதர் யோக்கியம்தான்.

அக்கா வீட்டில் இறங்கியதும் ஒரே அமர்க்களம். அக்கா கன்னத்தைத் தடவிப் பார்த்து “எலும்பும் தோலுமா வந்திருக்கான்” என்று மூக்கைச் சிந்தினாள். அவருக்கு அப்போது நல்ல தொப்பை. அக்கா மகளின் குழந்தை கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது, பிறகு நேராக வந்து, “நீதான் போன் தாத்தாவா?” என்று கேட்டது. தாத்தா! பெண்டாட்டி, பிள்ளை என்று ஒரு படியும் ஏறாமல் ஒரே தாவலில் தாத்தா ஆகிவிட்டார். லிப்ட்காரருக்கு அது பொருத்தம்தான்.

ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து. சாப்பிட்டு முடித்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார்.

“தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்றது குழந்தை.

அக்காவின் கணவர் தமாஷ் பேர்வழி. “என்ன மாப்ளே, எங்க வீட்டுச் சாப்பாடு செரிக்கணும்னா வெளிநாட்டு மாத்திரை வேணுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வெறும் வேடிக்கைப் பேச்சு. சொன்னவருக்கு மறு நிமிஷமே மறந்திருக்கும். ஆனால் லிப்ட்காரர் அட்டையைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார், இவர்கள் எல்லோரும் ஒரு பக்கம், தான் மட்டும் கையில் மாத்திரையோடு இன்னொரு பக்கம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்குத் தொடாத மாத்திரையை அப்புறம் அவர் தொடவே இல்லை. போடாதே என்று யாரும் சொல்லவில்லை. அவர் தன் பெட்டி இருந்த மாடி அறையில் வேளாவேளைக்குப் போட்டுக்கொள்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்த மாடி அறை இன்னொரு வம்பு. அக்கா அவருக்கென்று அதை ஒழித்து, புது விரிப்பு, புதுத் துண்டு, உறை பிரிக்காத சோப்பு, கட்டிலைச் சுற்றிப் புத்தம்புதுக் கொசுவலை என்று தயார் பண்ணி வைத்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும் உச்சி குளிர்ந்திருக்கும். இவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஹோட்டல் அறை மாதிரி இருந்தது. கீழே கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு பெரிய வலைகளைக் கட்டிக்கொண்டு அக்கா, அவள் கணவர், மகள், மருமகன், குழந்தை எல்லோரும் வரிசையாகப் படுத்திருந்தார்கள். இவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, வலைக்கு வெளியே, சுவரோரமாகப் பாயைப் போட்டுக்கொண்டார்.

“டேய், மேல உனக்கு வலை கட்டியிருக்கேன்ல?” என்றாள் அக்கா, பாதித் தூக்கத்தில்.

“தனியா படுத்துப் படுத்து அலுத்துப்போச்சுக்கா.”

“இங்க வலைக்குள்ள இடம் இல்லையேடா. கொசு பிடுங்கி எடுத்துடும்.”

“நம்ம ஊர்க் கொசுதானே. என்னைத் தெரியாதா அதுக்கு?”

“பைத்தியம்” என்று சிரித்துக்கொண்டே அக்கா தூங்கிப்போனாள். மறுநாளும் சொல்லிப் பார்த்தாள். தம்பி பிடித்த பிடியை விடுகிறவன் இல்லை என்று தெரிந்து, மாத்திரைதான் போடுகிறானே என்று விட்டுவிட்டாள். அவர் இருட்டில் விழித்துக்கொண்டு கிடந்தார். குழந்தை தூக்கத்தில் முனகியது, அக்கா கணவர் குறட்டை விட்டார், யாரோ புரண்டு படுத்தார்கள். வருஷக்கணக்காக பிரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுத் தூங்கிப் பழகிய மனுஷனுக்கு அது எப்பேர்ப்பட்ட சுகம் என்று சொன்னால் புரியாது. இருந்தவரை அங்கேயேதான் படுத்தார். ஊர்க் கொசுவும் உறவு பாராட்டாமல் கடித்தது.

லீவு முடிந்து திரும்பினார். அறைக்குள் நுழைந்ததும் இரண்டாவது நாற்காலியில் கிளம்பும்போது போட்ட துணி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் காரணமில்லாமல் அழுகை வந்தது. டிவியைப் போட்டார். மாத்திரை அட்டை பெட்டியின் அடியில் கிடந்தது. அதை எடுத்துப் பார்க்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

சில நாள் கழித்து ஒரு கட்டடத்தில், லிப்டின் தலைமேல் ஏறி நின்று கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குளிரெடுத்தது. நடுக்கம் என்றால் சாதாரண நடுக்கம் இல்லை. கையிலிருந்த ஸ்பேனர் நழுவி லிப்டுக்குக் கீழே இருந்த பள்ளத்தில் போய் விழுந்தது. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கீழே யாரோ, “லிப்ட் எப்போங்க வரும்? எவ்வளவு நேரம் நிக்கிறது?” என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களைப் பயப்படாதே என்று சொல்லியே பழகிய வாயிலிருந்து அன்றைக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அப்புறம் குளிர் போய் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. அப்புறம் வேர்த்துக் கொட்டியது. வேர்வை அடங்கியதும், ஒன்றுமே நடக்காதது போல எழுந்து மிச்சக் கயிற்றைத் துடைத்து முடித்தார். சூப்பர்வைசர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “பெரியவரே, முதல்ல டாக்டரைப் பாருங்க” என்று துரத்தினார்.

டாக்டர் சின்ன வயசு. வெளியே கும்பல். தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். “வெளியூர் எங்கேயாவது போயிருந்தீங்களா?” என்று கேட்டார்.

நர்ஸ் சொன்னது அத்தனையும் அவர் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே அந்த வரைபடத்துச் சிவப்பும் வந்தது. ஆமாம் என்று சொன்னால் அடுத்தது எந்த ஊர், யார் வீடு என்று கேட்பார்கள். பார்த்துப் பார்த்துச் சோறு போட்ட அக்கா வீட்டிலிருந்து வியாதி வாங்கிக்கொண்டு வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

“எங்கேயும் போகலை டாக்டர்.”

“அப்போ சாதாரண ஃப்ளூதான். மாத்திரை போட்டுட்டு ரெஸ்ட் எடுங்க. குறையலைன்னா உடனே வாங்க.”

குறைந்தது, மறுபடி வந்தது, மறுபடி குறைந்தது. அதுதான் அந்த ஜுரத்தின் சூழ்ச்சி. வேர்த்து விடும்போதெல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு அவர் படுத்துக் கிடந்தார். மூத்திரம் கறுத்துப் போயிற்று, கண் மஞ்சள் தட்டியது. பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. பக்கத்து அறைக்காரன் தினமும் கதவைப் பூட்டுகிற சத்தமும் திறக்கிற சத்தமும் கேட்டது. இந்தக் கதவு திறக்காமலே கிடந்தால் யார் வந்து தட்டுவார்கள் என்று யோசித்துப் பார்த்தார். ஏதாவது ஒரு கட்டடத்தில் லிப்ட் நின்றால்தான் தேடுவார்கள். அவர் பராமரிக்கிற லிப்டோ லேசில் நிற்காது. அந்த ஜுரத்திலும் அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று முதல் தடவையாக நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. நல்ல குளிர் ஏறிக்கொண்டிருந்த நேரம். எடுக்காவிட்டால் அக்கா பதறுவாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு எடுத்தார்.

“எப்படிடா இருக்கே?”

“நல்லா இருக்கேன்க்கா.”

“அது என்ன கடகடன்னு ஒரு சத்தம்?”

“டிவி.”

“டிவியை நிறுத்து.”

கொஞ்சம் பொறுத்து, “நிறுத்திட்டேன்க்கா” என்றார். சத்தம் நிற்கவில்லை.

“பொய் சொல்றே. உனக்குப் பல்லு தந்தி அடிக்குது.” அக்காவின் குரல் சட்டென்று மாறிவிட்டது. அந்த ஊரில் இருக்கிறவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? “குளிர் ஜுரம்டா இது. எத்தனை நாளா? மாத்திரை போட்டியா, இல்லையா?”

அவர் போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

“போட்டியா, இல்லையான்னு கேக்கிறேன்.”

“அங்க வந்த அன்னைக்கே நிறுத்திட்டேன்.”

“ஏன்டா?”

“எல்லாரும் சும்மா இருக்கும்போது நான் மட்டும் மாத்திரை முழுங்கினா, வெளியாள் மாதிரி இருந்துச்சுக்கா. உன் வீட்டுல நான் விருந்தாளி மாதிரி...” மேலே பேசப் பல் விடவில்லை.

அக்கா நிதானமாகச் சொன்னாள்: “நீ விருந்தாளிதான்டா.”

எந்தச் சொல்லுக்குப் பயந்து அவர் மாத்திரையை ஒளித்தாரோ, வலையை விட்டு இறங்கி வந்தாரோ, டாக்டரிடம் பொய் சொன்னாரோ, அந்தச் சொல்லை அக்காவே சொல்லிவிட்டாள்.

“பாதி ஆயுசுக்கு மேல அங்க இருந்தாச்சு. உன் உடம்பு எங்க ஊரை மறந்துபோச்சு. அது எனக்குத் தெரியாமலா கடை கடையா ஏறி உனக்குத் தனியா வலை வாங்கினேன்? என் பொண்ணு வெளியூர்ல வேலை பார்த்துட்டு லீவுக்கு வந்தப்போ அவளும்தான் மாத்திரை போட்டா. அவளை நான் வெளியாள்னா சொன்னேன்?” அக்காவின் குரல் உடைந்தது. “நீ விருந்தாளியா வா. வருஷா வருஷம் வா. வந்து மாடியில வலைக்குள்ள படு. நீ இங்க வந்துபோயி அங்க ஒத்தையில கிடந்து செத்தேன்னா, நான் எந்த முகத்தோடடா அந்தக் கூடத்துல படுப்பேன்?”

லிப்ட்காரர் வாய்விட்டு அழுதார். ஜுரத்தால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

“எழுந்திரு. சட்டையைப் போடு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. போனை வைக்காதே. நீ டாக்டர்கிட்ட சொல்றது என் காதுல விழணும். உன்னை நம்ப முடியாது.”

அவர் பிழைத்துக்கொண்டார், அதை இங்கேயே சொல்லிவிடலாம். ரத்தத்தில் கிருமி மண்டிக் கிடந்தது, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு யாருக்கும் அது தெரியாது. டாக்சியில் சுருண்டு படுத்துக்கொண்டே போனார். சட்டைப் பையில் போன் ஓடிக்கொண்டிருந்தது. “எங்க இருக்கே? இறங்கிட்டியா?” என்று அங்கிருந்து அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். டாக்சிக்காரர், பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று கண்ணாடியில் பார்த்தார்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா வந்து அவர் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். அவள் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

“டாக்டர், நான் மலேரியா இருக்கிற ஊருக்குப் போயிட்டு வந்தேன். மாத்திரை போடலை. வலையும் கட்டலை. போன வாரம் கேட்டப்போ எங்கேயும் போகலைன்னு பொய் சொல்லிட்டேன்.”

டாக்டரம்மா உடனே நர்ஸைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னாள். பிறகு, “அங்க யாரைப் பார்க்கப் போனீங்க?” என்றாள்.

“எங்க அக்காவை. அவ வீட்டுக்கு விருந்தாளியாப் போயிருந்தேன்” என்றார்.

சட்டைப் பைக்குள்ளிருந்து அக்கா அழுகிற சத்தம் டாக்டரம்மாவுக்கும் கேட்டது.